நாற்பது கடகம்

பெண்கள் வேலை செய்யும்போது ஓர் ஆம்பளை எதிரே நின்று, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அவர்கள் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? இசக்கித்தாய் அதைத்தான் கேட்டாள். கேட்டது மேனேஜரிடமே.

"மேனேசரய்யா, நீங்க நல்லவுகதான். நாங்க இல்லைங்கல. ஆனா மாராப்பு வெலகினா இழுத்து விட ஏலாது, கை நெறையப் பருத்தி. நீங்க அங்கன நின்னு வெறிச்சுக்கிட்டே இருந்தா எப்படி வேலை ஓடும்?"

பக்கத்து மெஷின்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் ஞானரத்தினத்துக்குக் காது வரை சிவந்துவிட்டது. கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பி நடந்தார். கல்கத்தாவில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் தன் மகள் தேவமணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்குப் பதினைந்து வயது. நாலாம் பாரம் படித்தாள். ஒரு முக்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்து, அந்தப் பெரிய வெள்ளிக் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்தார்.

"கடகத்துல இருந்து முதல் பிடி எடுக்கையில இதை அமுக்கு. கடைசிப் பிடி உள்ள போகையில மறுபடி அமுக்கு. எத்தனை நிமிஷம்னு எழுது. வேற ஒண்ணும் யோசிக்காத."

வேறொன்றும் யோசிக்காமல் இருப்பது தேவமணிக்கு வராத காரியம்.

அது ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாசம். கரிசல் காட்டுப் பருத்தியெல்லாம் பனவடலிசத்திரம், மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து வண்டி வண்டியாக வந்து, சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குத் தெற்கே இருந்த சங்கரசுப்பு முதலாளியின் ஜின்னிங் பாக்டரியில் இறங்குகிற சமயம். பாக்டரியில் வடக்கு ஷெட், தெற்கு ஷெட் என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் பதினாறு மெஷின். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் ஒரு பெண். அவள் ஓலைக் கடகத்திலிருந்து பருத்தியை அள்ளி ரோலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பாள். கொட்டை கீழே பொலபொலவென்று விழும். பஞ்சு அந்தப் பக்கம் பாலாடை மாதிரி மடிந்து மடிந்து இறங்கும்.

கூரையில் நாலு இடத்தில் கண்ணாடி பதித்திருந்தது. வெயில் அந்த வழியாகக் கம்பம் கம்பமாக இறங்கும். அந்தக் கம்பங்களுக்குள் பஞ்சுத் தூசி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாமல் நின்றுகொண்டே நகரும். மேலே ஓடி மெஷின்களைச் சுழற்றுகிற ஷாப்ட்டின் உறுமல் முதல் ஐந்து நிமிஷம் காதைப் பிடுங்கும். அப்புறம் அது சத்தமாகவே தெரியாது. கிணற்றுக்குள் முங்கிக் கண்ணைத் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கும். பதினாறு பெண்களும் அந்தத் தண்ணீருக்குள் உட்கார்ந்து, எட்டாத தூரத்திலிருந்து எதையோ இழுத்து இழுத்து எடுத்துக்கொண்டிருப்பதாகத் தேவமணிக்குத் தோன்றும். முள் ஓடும். அவள் அமுக்குவாள். பதினோரு நிமிஷம் என்று எழுதுவாள்.

இவ்வளவும் எதற்காக என்றால், முதலாளி ஒருமுறை பம்பாய்க்குப் பருத்தி வியாபாரமாகப் போனபோது, பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் தங்கள் மேனேஜர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார். மேனேஜர் வேலையைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது அன்றிலிருந்து அவருக்குத் தூக்கத்திலும் நமைச்சலாக இருந்தது. அவரிடம் இரண்டு மேனேஜர்கள். வடக்கு ஷெட்டுக்குக் காசிராஜன். ஆறாம் கிளாஸ், இருபது வருஷ சர்வீஸ், வாய் நிறைய வெற்றிலை. தெற்கு ஷெட்டுக்கு ஞானரத்தினம், பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தவர். இங்கிலீஷ் தெரிந்தவரைத்தானே அனுப்ப முடியும்? ஞானரத்தினத்தை ஆறு மாசம் கல்கத்தாவுக்கு அனுப்பினார்.

திரும்பி வந்ததும் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி முதலாளி சொன்னார்: "பங்குனி பொறக்குத வரைக்கும் ரெண்டு ஷெட்டும் ஓடட்டும்வே. படிச்சவன் ஷெட்டு எப்படி ஓடுது, படிக்காதவன் ஷெட்டு எப்படி ஓடுதுன்னு பாத்துருவோம். ஜெயிச்சவருக்கு ரெண்டு ஷெட்டும். மத்தவரு அவருக்குக் கீழ."

"பரீட்சை எனக்கா முதலாளி, கல்கத்தாவுக்கா?" என்று கேட்டார் காசிராஜன்.

"எனக்குத்தான்வே. அனுப்பினது நான்லா."

அன்றிலிருந்து காசிராஜன் ஞானரத்தினத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கல்கத்தா என்றுதான் கூப்பிடுவார். "என்ன கல்கத்தா, இன்னைக்கு எத்தனை கோடு போட்டீரு?"

தேவமணிக்கு அந்த ஆறு மாசமும் அப்பாவின் கடிதங்களாகவே கழிந்திருந்தது. முப்பது மேனேஜர்கள், பாதிப் பேருக்கு நரைத்த தலை, பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போகுமாம். அவள் படுத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்ப்பாள். அப்பா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். வாத்தியார் கேள்வி கேட்பார். அப்பாவுக்குப் பதில் தெரியும், ஆனால் கையைத் தூக்கக் கூச்சமாக இருக்கும். 'தூக்குங்கப்பா' என்று இவள் இருட்டில் முணுமுணுப்பாள். சில ராத்திரி அந்த வகுப்புக்குள் பஞ்சு பறக்கும்.

கல்கத்தாவிலிருந்து வந்ததும் அப்பா முதலில் செய்தது ஒரு சின்னக் காரியம். அதுவரை பருத்தி அம்பாரம் ஷெட் வாசலில் கிடக்கும். கடகம் காலியானால் பெண்கள் எழுந்து போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அப்பா இரண்டு ஆட்களை வைத்துக் கடகங்களை நிரப்பி, ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்திலேயே கொண்டு வைக்கச் சொன்னார். நாளைக்கு ஆளுக்கு இருபத்தெட்டுக் கடகம் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு அரைத்தார்கள். வடக்கு ஷெட் அதே இருபத்தெட்டில் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கடிகாரம் வேறு கதை சொன்னது. ஒரு கடகத்துக்குப் பதினோரு நிமிஷம். கடகம் மாற்ற ஒரு நிமிஷம். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் நாற்பது வர வேண்டும். வருவது முப்பத்திரண்டு. மீதி எட்டு எங்கே போகிறது? நாற்பது வரும் என்று அப்பா முதலாளியிடம் சொல்லியும்விட்டார்.

அப்பா பெரிய தாளில் படம் போட்டார். முப்பத்திரண்டு வரை நீலப் பென்சில். முப்பத்திரண்டிலிருந்து நாற்பது வரை சிவப்புப் பென்சில். அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் 'சோம்பல்' என்று எழுதச் சொன்னார். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் நல்லபடியாக எழுதுவது அவள் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் அறிவிப்பும் எழுதினாள். திங்கட்கிழமை முதலாளி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஷெட் கதவில் ஒட்டுவதற்கு. 'நாள் ஒன்றுக்கு நாற்பது கடகத்துக்குக் குறைவாக அரைப்பவர்கள் மூன்று நாள் பார்த்து வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்கள்.' நாற்பது என்பதில் வருகிற 'ற்'றின் வளைவை அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்து அழகாக வந்ததும் மகிழ்ந்துபோனாள். என்ன எழுதுகிறோம் என்பது கைக்குத் தெரிந்திருந்தது, மனசுக்கு ஏறவில்லை.

சனிக்கிழமை கடைசி முறையாகக் கடிகாரம் பிடிக்கப் போனாள். பெண்கள் எல்லோரும் வழக்கம்போல வெளுத்த சேலை கட்டியிருந்தார்கள். வழியில் பார்க்கிற மற்ற நாட்களில் இல்லாமல், சனிக்கிழமைகளில் மட்டும் அவர்கள் தலையில் கனகாம்பரம் இருப்பதை அவள் பார்த்திருந்தாள். சனிக்கிழமை ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று விட்டிருந்தாள். இசக்கித்தாய், "வா புள்ள, சாப்பிட்டியா? முக்காலி ஆடுது, இந்தா சாக்கை மடிச்சுப் போட்டுக்க" என்றாள். அப்புறம் மெஷின் பக்கம் திரும்பினாள். அவள் கை ஓடுவதைப் பார்த்தால் கை மாதிரியே இருக்காது. புறா சிறகடிக்கிற மாதிரி இருக்கும். பத்தே முக்கால் நிமிஷம்.

மதியம் கடிகார வேலை முடிந்து, அப்பா சாப்பிடக் கூப்பிடும் வரை பஞ்சு ரூமில் போய் உட்கார்ந்தாள். ரூமுக்கும் ஷெட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்புத்தான். முந்தின நாள் ராத்திரி ஜியாமெட்ரி படித்த கண். பஞ்சுக் குவியலில் சாய்ந்தாள். அது அவளை மெதுவாக விழுங்கிக்கொண்டது. தூங்கிப்போனாள்.

கனவில் டிராம் வந்தது. டிராமுக்குள் பதினாறு பெண்களும் உட்கார்ந்து பருத்தி உருவிக்கொண்டிருந்தார்கள். அப்பா டிக்கெட் கொடுத்துக்கொண்டு போனார். யாரோ பாடினார்கள்.

கண் திறந்தபோது பாட்டு மட்டும் மிச்சமிருந்தது. பலகை இடுக்கு வழியாக இசக்கித்தாய் தெரிந்தாள். அவள்தான் பாடிக்கொண்டிருந்தாள். கை நிதானமாகப் போய் வந்தது, ஊஞ்சல் மாதிரி. ஒரு பிடி எடுப்பாள், தூசி தட்டுவாள், கொடுப்பாள். பக்கத்தில் பார்வதியம்மாள் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னதற்கு, "அவுக கெடக்காவ" என்றாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். புதுக் கடகம் எடுத்தாள். தேவமணியின் விரல் அதுவாகவே கடிகாரத்தை அமுக்கியது.

பதினாலு நிமிஷம்.

அடுத்த கடகம், பதினாலரை. அதற்கு அடுத்தது, பதினாலு.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை. ஏமாற்றியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சாக்கு மடித்துப் போட்டு உட்கார வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். தலையெல்லாம் பஞ்சோடு எழுந்து போய் இசக்கித்தாய் முன்னால் நின்றாள்.

"அக்கா, நான் இருக்கையில ஒரு மாதிரி, நான் இல்லாதப்ப ஒரு மாதிரியா அரைக்கிய?"

இசக்கித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். பயப்படுவாள் என்று எதிர்பார்த்தாள் தேவமணி. அவளோ சிரித்தாள்.

"ஆமா. பின்ன? உங்க வீட்டுக்கு ஒருத்தி வந்தா நேத்து வச்ச கஞ்சியவா ஊத்துவ?"

"நான் விருந்தாளியா அக்கா?"

"மேனேசர் மவ வந்து முன்னால உக்காந்திருக்கு, நாங்க சவ்வு மாதிரி இழுத்துக்கிட்டா கெடப்போம்? நல்லாருக்குமா?" குரலைத் தாழ்த்தினாள். "இந்தா பாரு மக்கா. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெட்டரு வருவாருல்லா. அன்னைக்குப் புள்ளைய எல்லாம் நல்லா வாசிக்கும். எதுக்கு? வாத்தியாருக்குப் பேரு வரட்டும்னுதான். உங்கப்பாரு அம்புட்டுத் தூரம் போயிப் படிச்சிட்டு வந்திருக்காரு. அந்தக் காசிராசன் அண்ணாச்சி வாய்க்கு முன்னால அவரு தோத்துரக் கூடாதுன்னு பதினாறு பேரும் பேசித்தான் வச்சிருக்கோம். புள்ள சனிக்கிழமை வந்தா அரைமணி நேரம் பறக்கணும்னு. அதுக்கு மேல முடியாது. தோள்பட்டை கழண்டு போவும்."

பார்வதியம்மாள் அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "எனக்கு அந்த அரைமணியே எமன். ராத்திரி எண்ணெய் தேச்சுத்தான் படுக்கேன்."

"கனகாம்பரம்?" என்றாள் தேவமணி. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஆளு வந்தா பூ வைக்காம இருப்பமா?"

வீட்டு மேஜையில் அவள் எழுதிய அறிவிப்பு காய்ந்துகொண்டிருக்கிறது. நாற்பது. இவர்கள் பிரியமாகக் கொடுத்ததை அப்பா அளவாக எடுத்துக்கொண்டுவிட்டார். முதல் மூன்று நாளிலேயே பார்வதியம்மாள் போய்விடுவாள். இசக்கித்தாய் ஒரு வாரம் தாக்குப் பிடிப்பாள். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? அப்பாவிடம் சொன்னால் நாற்பது போய்விடும். நாற்பது போனால் முதலாளி சிரிப்பார். காசிராஜன் ஊரெல்லாம் சிரிப்பார். அப்பா காசிராஜனுக்குக் கீழே நிற்க வேண்டும். அம்மா கோயிலில் பாஸ்டர் வீட்டு அம்மாவிடம் பெரிய மேனேஜர் என்று சொல்லி முடித்தாயிற்று.

"என்ன புள்ள, மொகம் வெளுத்துட்டு? வெயிலு தாக்கிட்டா?" என்றாள் இசக்கித்தாய். தேவமணி தலையாட்டினாள்.

அன்று ராத்திரி வீடு அடங்கிய பிறகு, அப்பா மட்டும் விளக்கடியில் திங்கட்கிழமைக்கான படத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாயிலிருந்து எழுந்து போய் மேஜைக்கு அருகே நின்றாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "அப்பா, அவுக பதினாலு நிமிஷம் எடுக்காவ" என்றாள்.

"யாரு?"

எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சு ரூம், பலகை இடுக்கு, விருந்தாளி, இன்ஸ்பெக்டர். சொல்லச் சொல்லத் தன் குரல் யாரோ தூரத்தில் பேசுவது போலக் கேட்டது.

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். "பொய் சொல்லுதாளுவ. நீ பாத்துட்டேன்னு தெரிஞ்சதும் கதை கட்டுதாளுவ."

"நான் பாக்கையில அவுகளுக்குத் தெரியாதுப்பா. மூணு கடகம் பாத்தேன். பதினாலு, பதினாலரை, பதினாலு."

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு அடியை விடப் பயமாக இருந்தது. அப்புறம் படத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதினார். பதினாலும் ஒன்றும் பதினைந்து. நானூற்றி எண்பது நிமிஷத்தைப் பதினைந்தால் வகுத்தார். முப்பத்திரண்டு.

மறுபடியும் வகுத்தார். மறுபடியும் முப்பத்திரண்டு. அவர்கள் அன்றாடம் அரைக்கிற அதே முப்பத்திரண்டு. சிவப்புப் பென்சிலால் அவர் அடைத்து வைத்திருந்த எட்டுக் கடகம் இந்த உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை.

அப்பா தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் அவுகளை மேனேஜ் பண்ணுதேன்னு நெனச்சேன். அவுக என்னைப் பண்ணியிருக்காவ."

"அவுக உங்க நல்லதுக்குத்தான்ப்பா..."

"போயிப் படு மணி."

"அந்த அறிவிப்பு?"

"படுன்னு சொன்னேன்லா."

விளக்கு அணைந்தது. அவர் எழுந்த சத்தம் கேட்கவில்லை. இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார் போலும். தேவமணி கண்ணை மூடினாள். வெயில் கம்பத்துக்குள் தூசி நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை வேறு பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பாடாமல் நின்றார். வெளியே வந்ததும் அம்மா பாஸ்டர் வீட்டு அம்மாவிடம், "நாளையிலருந்து ரெண்டு ஷெட்டும் இவுக பொறுப்புதான்" என்று சொன்னபோது, அப்பா செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் பத்து மணிக்குத்தான். சுருட்டிய படங்களைத் தூக்க ஆள் வேண்டும் என்று அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கூப்பிடும்போதும் பேர் சொல்லவில்லை. "வா" என்று மட்டும். ஆபீஸ் அறையில் முதலாளி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காசிராஜன் ஜன்னல் ஓரமாக நின்று வெளியே துப்பிவிட்டு வந்தார்.

"என்ன கல்கத்தா, கோலம் போட்டுக் கொண்டாந்தாச்சா?"

அப்பா படத்தை விரித்தார். தேவமணி வாசலில் நின்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். சிவப்புப் பட்டை முழுவதும் ரப்பரால் அழிக்கப்பட்டு, அந்த இடம் ரோஸ் நிறமாகக் கலங்கியிருந்தது.

"முதலாளி, போன மாசம் உங்ககிட்ட நாப்பது கடகம் வரும்னு சொன்னேன். வராது. நான் அளந்தது தப்பு."

"தப்புன்னா?"

"எம்மவ முன்னால உக்காந்திருந்தா அவுக பறந்து அரைச்சிருக்காவ. அரைமணி நேரம். மரியாதைக்காக. நான் அதைத் தினசரி வேலைன்னு எடுத்துக்கிட்டேன். உண்மையில முப்பத்திரண்டுதான் முடியும். அதை அவுக ஒழுங்கா அரைச்சுக்கிட்டுத்தான் இருக்காவ. நாப்பதுன்னு போட்டா ஆளு நிக்காது, நிக்கவும் கூடாது."

முதலாளி சம்மணத்தைப் பிரித்தார். "அப்ப ஆறு மாசம் கல்கத்தாவுல இருந்து நீரு கத்துக்கிட்டு வந்தது என்னவே? வாசல்ல கெடந்த கடகத்தை மெஷின் பக்கத்துல தள்ளி வச்சீரு. அம்புட்டுத்தானா? அதை இங்கன சோறு கொண்டாற பொம்பளைகூடச் சொல்லியிருப்பாளே."

காசிராஜன் சிரிக்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று இரண்டு நாளாகக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காசிராஜன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "சொல்லியிருப்பாதான் முதலாளி. ஆனா யாரும் சொல்லலியே. இருவது வருசமா நானும் அந்த வாசலைத் தாண்டித்தான் போய்வாரேன். எனக்குத் தோணல. மெஷினுக்கு நாலு கடகம்னா பதினாறுக்கும் அறுவத்துநாலு. ஒரு நாளைக்கு."

"நீரு எந்தக் கட்சிவே?"

"நான் என் கட்சிதான். என் ஷெட்டு இருவத்தெட்டுல கெடக்கே. அந்த வயித்தெரிச்சல்ல சொல்லுதேன்."

முதலாளிக்கு யோசனை வந்தால் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொள்வார். ரொம்ப நேரம் இழுத்தார். "படிச்சதுனால நாலு கடகம் வந்துச்சு. அதே படிப்பு இல்லாத எட்டைக் காட்டி என் பாக்டரியைக் காலி பண்ணப் பாத்துச்சு. இப்ப நான் ஜெயிச்சேனா தோத்தேனா, எனக்கே வெளங்கலவே." அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "நீரு இப்ப வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு ரெண்டு ஷெட்டும் உமக்குத்தான். தெரியும்லா?"

"தெரியும் முதலாளி."

"நாப்பதை நம்பி மதுரை மில்லுக்காரனுக்குப் பஞ்சு தாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இனி அவன்கிட்ட நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்குத் தண்டனை வேணும்லா. ரெண்டு ஷெட்டும் காசிராசனுக்கு. நீரு அவருக்குக் கீழ இரும். அறிவிப்பு கிறிவிப்பு ஒண்ணும் ஒட்ட வேண்டாம்."

ஒன்பது மணிச் சங்கு ஊதியது. ஷாப்ட் உறும ஆரம்பித்தது. ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் காசிராஜன், "ஞானரத்தினம்" என்று கூப்பிட்டார். அப்பா திரும்பினார். "வடக்கு ஷெட்டுக்கும் கடகம் சொமக்க ரெண்டு ஆளு பாரும். இன்னைக்கே. என் வாயை வச்சு அவனுவகிட்ட சொன்னா சண்டைதான் வரும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

அப்பா தெற்கு ஷெட்டுக்குள் போனார். தேவமணி பின்னாலேயே போனாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அவளுக்குத் தெரியும்; ஆனால் அப்பா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் எப்படிப் போவது?

திங்கட்கிழமை என்பதால் யார் தலையிலும் பூ இல்லை. பெண்கள் நிதானமாகக் கடகத்தைச் சரித்துக்கொண்டிருந்தார்கள். பார்வதியம்மாள் வந்து சேரவில்லை. அவள் மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா போய் அதன் முன்னால் உட்கார்ந்தார். வேட்டியை மடக்கிக்கொண்டு ஒரு பிடி பருத்தியை அள்ளி ரோலருக்குக் கொடுத்தார். மெஷின் கனைத்தது. இன்னொரு பிடி. அது விழுங்க மாட்டேன் என்று நின்றது.

"ஐயா, மாட்டுக்குப் புல்லு போடுத மாதிரி போடாதீக," என்றாள் இசக்கித்தாய். "பிரிச்சுப் பிரிச்சுக் குடுங்க. கொழந்தைக்குச் சோறு ஊட்டலியா நீங்க?"

"எம்மவளுக்கு அவ அம்மைதான் ஊட்டுனா."

"அதான் தெரியுதே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கல்கத்தாவுக்குப் போய் வந்ததிலிருந்து அவர் அந்த ஷெட்டுக்குள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் பஞ்சைப் பிரித்தார், கொடுத்தார், மறுபடி நின்றது, மறுபடி பிரித்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"இசக்கித்தாயி," என்றார் மெஷினைப் பார்த்துக்கொண்டே. "முடியலைன்னா முடியலைன்னு எங்கிட்டயே சொல்லணும்."

"நீங்க கேக்கலியே ஐயா."

அப்பா இன்னொரு பிடியை எடுத்துப் பிரித்தார்.

"கேக்குதேன்," என்றார் அப்பா.

பார்வதியம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து, தன் இடத்தில் மேனேஜர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா எழுந்து அவளுக்கு வழிவிட்டார். கையைத் தட்டிக்கொண்டு தேவமணி நின்ற இடத்துக்கு வந்தார். இரண்டு நாளைக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தார். கண்ணில் தூக்கம் இல்லை, கோபமும் இல்லை. களைப்பு இருந்தது.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்," என்றார். "நீ ஒண்ணும் பயப்படாத. மணி ஒம்பதரை ஆகப்போவுது. ஸ்டேஷன் வழியாப் போ. அங்கன நிழலு உண்டு."